சீஸ் ஆன தோட்ட டிராக்டர் எஞ்சின்: வேலை பார்க்கலாமா, மாற்றிவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் தோட்ட டிராக்டர்களிலும் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளிலும் வரும், காற்றால் குளிரும் பெட்ரோல் எஞ்சின்களுக்கானவை. ஒற்றை அல்லது இரட்டை சிலிண்டர், ஏறக்குறைய 8 முதல் 25 குதிரைத்திறன். சீஸ் ஆன எஞ்சின், அதாவது உள்ளே பிடித்துக்கொண்டு சுற்றாமல் நின்ற எஞ்சின், என்றாலே காயலான் கடைக்குத்தான் என்று நினைப்பவர்கள் பலர். அவசரப்பட்டு பிஸ்டன் செட்டை வாங்கிவிட்டு, பிரித்த பிறகு கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) போயிருப்பதைப் பார்த்து நொந்துபோகிறவர்களும் உண்டு. எதனால் பிடித்தது என்பதுதான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும். அது தெரியும்வரை எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவே இல்லை. சீஸ்தானா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிளக்கை வெளியே எடுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டையும். ஃபிளைவீலின் (கிராங்க் முனையிலுள்ள கனமான சக்கரம்) மேலுள்ள வலைத்தட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். சுற்றுகிறது என்றால் கோளாறு பேட்டரியிலோ சோலனாய்டிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது.

சுற்றவில்லை என்றால் எஞ்சினுக்கு வெளியே இருப்பதை ஒவ்வொன்றாக விலக்குங்கள். ஸ்டார்ட்டரின் சிறு கியர் ஃபிளைவீல் பற்களில் சிக்கிக்கொள்வது உண்டு. ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினாலே விட்டுவிடும். டெக் பெல்ட், கியர்பாக்ஸ் பெல்ட் இரண்டையும் கழற்றுங்கள். துருவேறிய ஒரு பிளேடு ஸ்பிண்டிலோ, பிடித்துக்கொண்ட ஹைட்ராலிக் பம்போ எஞ்சினை அப்படியே நிறுத்தி வைக்கும். அடுத்து மேல் கவரைக் கழற்றி ஃபிளைவீலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சில எஞ்சின்களில் ஃபிளைவீலின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டிய காந்தம் பெயர்ந்து ஸ்டேட்டரோடு (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கம்பிச்சுருள்) சிக்கிக்கொள்ளும். கவரிலிருந்து விழுந்த ஒரு நட்டும் அதே வேலையைச் செய்யும்.

எப்படி நிற்கிறது என்பதையும் கையால் உணருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் கல் மாதிரி இருந்தால் துருவோ, கிராங்க்கில் உருகி ஒட்டிய ராடோ (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு) காரணமாக இருக்கும். கொஞ்ச தூரம் லேசாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் டக்கென்று முட்டி நின்றால் உள்ளே ஏதோ உடைந்து குறுக்கே கிடக்கிறது.

எதனால் பிடித்தது என்று திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கடைசியாக எப்படி நின்றது என்று கேளுங்கள். நன்றாக ஓடிய வண்டியை நிறுத்தி வைத்து, ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது பிடித்திருந்தது என்றால் அது துரு. எஞ்சின் நிற்கும்போது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கலாம். மேல்நோக்கிய சைலன்சர் வழியாக மழைநீர் இறங்கி, அந்த வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றது என்றால் ஆயில் குறைவு, இல்லாவிட்டால் அதிக சூடு. கடகடவென்று சத்தம் வந்து பிறகு நின்றிருந்தால் கனெக்டிங் ராடு.

அடுத்து ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடியுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள்; ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர்தான் வந்தது என்றால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. தட்டைச் சாய்த்து வெயிலில் பாருங்கள். வெள்ளியாக மின்னும் தூள் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம், அதாவது ராடோ பிஸ்டனோ. காந்தத்தில் ஒட்டுகிற துகள் கியர், கேம், ரிங் இவற்றிலிருந்து வந்தது. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். அளவுக்கு மேல் வடிந்து பெட்ரோல் வாசனை அடித்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பிளக்கை எடுத்ததும் துளை வழியாகப் பெட்ரோல் பீச்சியது. எஞ்சின் சுற்றுகிறது. இது என்ன?

நல்ல செய்தி. கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல், டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கி சிலிண்டரை நிரப்பியிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலே வர முடியாமல் நின்றது. ஊசியையும் அதன் சீட்டையும் மாற்றி, பெட்ரோல் கலந்த ஆயிலை முழுவதும் வடித்து, புது ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட்டரைப் பலமுறை அழுத்தியிருந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்புண்டு, இரட்டை சிலிண்டர்களில் குறிப்பாக. பிளக் துளையில் ஒரு மரக்குச்சியை விட்டு இரு பிஸ்டன்களும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். பெட்ரோல் பீச்சும் இடத்தில் தீப்பொறி கூடாது. பேட்டரி வயரை முதலிலேயே கழற்றச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

துருவால் பிடித்திருக்கிறது. எப்படி விடுவிப்பது?

இதற்கு வேண்டியது பொறுமை. அவசரப்பட்டவர்கள்தான் நல்ல எஞ்சினை உடைத்திருக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) அசிட்டோனும் சம அளவில் கலந்தால் நன்றாக ஊடுருவும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பிளக் துளை வழியாக 30 முதல் 50 மில்லி போதும். இங்கே பலர் விடும் தவறு, எஞ்சின் இருக்கும் நிலையிலேயே ஊற்றுவது. சிலிண்டர் படுத்திருந்தால் திரவம் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், மேல்பக்கத் துரு காய்ந்தே கிடக்கும். முடிந்தால் எஞ்சினை இறக்கி, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும்படி வைத்துவிட்டு ஊற்றுங்கள். 3 நாள் முதல் ஒரு வாரம் ஊறட்டும். மட்டம் இறங்கினால் மறுபடி ஊற்றுங்கள். இறங்குவதே நல்ல அறிகுறி, ரிங்கைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அருகில் புளோ லாம்போ கிரைண்டரோ வேண்டாம்.

ஊறிய பிறகு ஃபிளைவீலை இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டுங்கள். ஒரே பக்கம் பலம் கொடுக்காதீர்கள். வலைத்தட்டின் போல்ட் துளைகளில் ஒரு பட்டையை முடுக்கி அதைப் பிடித்து ஆட்டலாம். ஃபிளைவீலின் விசிறி இதழ்களில் கம்பியை வைத்து நெம்பக் கூடாது. ஒரு இதழ் உடைந்தால் எஞ்சின் ஆயுள் முழுக்க அதிரும். நடு நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டுதான் மேலும் இறுகும், அடியிலுள்ள கீ நசுங்கும்.

அப்போதும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உச்சியிலோ அடியிலோ நின்றால் மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் பயனில்லை. ராடும் கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் அடி முழுவதும் பேரிங்கில் இறங்கும், சுழற்சியாக மாறாது. அந்த நிலையில் ஃபிளைவீல் பக்கம் மட்டுமே முயல வேண்டும். நடுவில் எங்காவது நின்றால், பிஸ்டனைவிட 4, 5 மி.மீ. சிறிய விட்டமுள்ள கெட்டி மரக்கட்டையை அதன் மேல் வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள். தட்டுக்கு நடுவே ஃபிளைவீலை ஆட்டிப் பாருங்கள். முதலில் பிஸ்டனுக்கு மேலே சிலிண்டர் சுவரில் உள்ள துருவை எமரித் தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் துருவே ரிங்கைப் பிடித்து உடைக்கும். முதல் அசைவு எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும்.

இரும்புக் கம்பியை பிஸ்டன் மேல் வைத்து அடிக்காதீர்கள். அலுமினியத் தலை ஓட்டையாகும்.

ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அடித்தோ, வண்டியைக் கட்டி இழுத்தோ விடுவிக்கலாமா?

வேண்டாம். ஸ்டார்ட்டர் கருகும், பேட்டரி போகும், துருவில் ஒட்டிய ரிங் துண்டாகும். இழுத்தால் அலுமினிய ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழலாம். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டிகளை (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் டிரான்ஸ்மிஷன் உள்ளவை) இழுத்து ஸ்டார்ட் செய்ய முடியாது, டிரான்ஸ்மிஷனும் கெடும்.

சுற்ற ஆரம்பித்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

ஹெட்டைக் கழற்றாமலே விடுபட்டிருந்தால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை ஹெட்டைத் திறந்து சுவரைப் பாருங்கள். கேஸ்கெட் விலைதான் செலவு. சுவரில் ஒட்டியிருக்கும் துருத்தூள் அரைக்கும் பொடிக்குச் சமம். அதோடு ஓட்டினால் பத்து நிமிடத்தில் ரிங்கும் பிஸ்டனும் தேயும்.

சுவர் சுத்தமாக இருந்தால் ஆயிலை மாற்றி (ஊற்றிய கலவை அடியில் இறங்கியிருக்கும்), குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். ஆரம்பத்தில் புகை வருவது இயல்பு. ஒட்டிய ரிங் விடுபட்டால் ஒரு மணி நேரத்துக்குள் குறையும். குறையவில்லை என்றால் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்யுங்கள்: பிஸ்டனை அமுக்க உச்சியில் (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை) நிறுத்தி பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றினால், டிப்ஸ்டிக் துளையில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சாதாரண கம்ப்ரஷன் கேஜை இதற்கு நம்ப வேண்டாம். இந்த எஞ்சின்களில் பலவற்றில், ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்க வால்வைச் சற்றே திறந்து வைக்கும் தானியங்கி அமைப்பு உண்டு. அதனால் நல்ல எஞ்சினும் கேஜில் குறைவாகக் காட்டும்.

ஹெட்டைத் திறந்ததும் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பிஸ்டனை அடிவரை இறக்கி, சுவரை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடையுங்கள். கறை வேறு, குழி வேறு. நகத்தைச் சுவரில் செங்குத்தாக வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். கறுத்த வளையம் கண்ணுக்குத் தெரிகிறது, நகம் தடையில்லாமல் வழுக்கிப் போகிறது என்றால் அது வெறும் கறை, ஹோனிங்கில் (சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது) போய்விடும். நகம் ‘டிக்’ என்று இடறினால் குழி.

குழி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேல் ரிங் நிற்கும் இடத்துக்கும் மேலே உள்ள குழியால் தீங்கில்லை. ரிங் அதைத் தொடுவதே இல்லை. அடியில் ஆயில் ரிங் எட்டாத இடத்தில் உள்ளதும் அப்படியே. நடுவில், ரிங் ஓடும் பாதையில் இருந்தால்தான் சிக்கல். ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் என்றால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டு ஓட்டலாம், ஆயில் கொஞ்சம் குடிக்கும். சுற்றிலும் வளையமாகக் குழி இருந்தால் போரிங்தான், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடுவது.

இன்னொரு கணக்கு: 0.25 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் போட்டால் ஒரு பக்கச் சுவரில் 0.125 மி.மீ. மட்டுமே போகும். குழி அதைவிட ஆழமென்றால் முதல் ஓவர்சைஸில் மறையாது. 0.50 அல்லது 0.75 கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லேத் பட்டறைக்குப் போக வேண்டும்.

ஆயில் இல்லாமல் ஓடி நின்றுபோனது. பிழைக்குமா?

எல்லாம் கிராங்க்பின் (கிராங்க்கில் ராடு மாட்டும் இடம்) கையில் இருக்கிறது. பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் அலுமினிய ராடு பேரிங் ஷெல் எதுவும் இல்லாமல் நேராகவே கிராங்க்பின்மீது ஓடுகிறது. ஆயில் படலம் அறுந்ததும் மென்மையான அலுமினியம் உருகி எஃகுமீது அப்பிக்கொள்ளும். அதனால் ராடு போனாலும் கிராங்க் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோலர் நிறுவனத்தின் கே-வரிசை ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் பம்ப்பே கிடையாது, ராடின் அடியிலுள்ள கரண்டி ஆயிலை அடித்துத் தெளிக்கிறது. மட்டம் குறைந்தாலும், சரிவில் நீண்ட நேரம் ஓட்டினாலும் முதலில் அடிபடுவது இந்த ராடுதான்.

சம்ப் கவரை (ஆயில் தேங்கும் அடிப்பகுதியின் மூடி) திறந்து ராடின் மூடியைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ராடிலும் மூடியிலும் உள்ள பொருத்தக் குறியைப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு புள்ளி வையுங்கள். ராடு ஒட்டியிருந்தால் மூடியை மெல்லத் தட்டி எடுங்கள். கிராங்க்பின்மீது வெள்ளையாக, திட்டுத் திட்டாகப் பூசியது போல இருப்பது அலுமினியம். முதல் பார்வையில் கிராங்க்கே கிழிந்துவிட்டது என்று தோன்றும், பயப்பட வேண்டாம்.

கிராங்க்கை வெளியே எடுத்து, அதில் ஆயில் துளை இருந்தால் மெழுகால் அடைத்துவிடுங்கள். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து (தண்ணீரில் சோடாவைப் போட வேண்டும், சோடாமீது தண்ணீரை ஊற்றக் கூடாது), பஞ்சால் திட்டின் மேல் தொட்டு வையுங்கள். அலுமினியம் நுரைத்துக் கரையும், எஃகு அப்படியே இருக்கும். நுரை அடங்கினால் கழுவி மறுபடி தொட்டு வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வரும் வாயு ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில், நெருப்பில்லாமல் செய்யுங்கள். முடிந்ததும் நன்கு கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அலுமினியத்தைக் கரைக்கும், ஆனால் எஃகையும் அரிக்கும். ஆகவே காஸ்டிக் சோடாவே நல்லது. அலுமினிய பிளாக், பிஸ்டன் பக்கம் இந்தக் கரைசலைக் கொண்டுபோகவே கூடாது.

பிறகு கிராங்க்பின்னைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள். வட்டம் கெடாமல், மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருந்தால் 1000 எமரியில் மெருகேற்றி, புது ஸ்டாண்டர்ட் ராடு போட்டால் போதும். கோடுகள் விழுந்திருந்தால் 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு (மூல அளவைவிடச் சிறிதாக) அரைத்து, அதற்கேற்ற ராடு போடலாம். கோலர் கே-வரிசைக்கு அப்படிப்பட்ட ராடு உண்டு. எல்லா எஞ்சினுக்கும் கிடைக்காது. அரைப்பதற்கு முன் ராடு கையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் நீலம் பூத்த கிராங்க்கை நம்ப வேண்டாம்.

ஆயில் இல்லாமல் ஓடியதால் அடிபட்டது ராடு மட்டும்தான் என்றும் முடிவு கட்டாதீர்கள். கேம் ஷாஃப்ட்டின் இரு முனைகள், கிராங்க் சம்ப் கவரில் ஓடும் இடம், பிஸ்டன் பாவாடையின் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பகுதி) இருபக்கம் மூன்றையும் தடவிப் பாருங்கள்.

அளவெடுக்க என்னென்ன வேண்டும்? எவ்வளவு தேய்ந்தால் போரிங்?

0 முதல் 25 வரையும், உங்கள் போர் அளவுக்கேற்ற பெரியதுமாக இரண்டு மைக்ரோமீட்டர், ஒரு டெலஸ்கோப் கேஜ், ஒரு ஃபீலர் கேஜ். வெர்னியரால் இந்த வேலை ஆகாது. நாம் தேடுவது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கு. சிலிண்டரை மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்க் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்தால் 6 எண்கள் கிடைக்கும். எழுதி வையுங்கள்.

பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களுக்கான அளவு: மூல அளவைவிட 0.075 மி.மீ.க்கு மேல் பெருத்திருந்தாலோ, இரும்புச் சுவரில் 0.04 மி.மீ.க்கு மேல், அலுமினியச் சுவரில் 0.06 மி.மீ.க்கு மேல் வட்டம் கெட்டிருந்தாலோ போர் போட வேண்டும். கம்ப்ரஷன் ரிங்கை மட்டும் சிலிண்டரில் 25 மி.மீ. இறக்கி இடைவெளியை ஃபீலரால் பாருங்கள். அந்த எஞ்சின்களில் இரும்புச் சுவருக்கு 0.76, அலுமினியத்துக்கு 0.89 மி.மீ.யைத் தாண்டினால் ரிங் போய்விட்டது. உங்கள் எஞ்சின் வேறு என்றால் கவரில் பொறித்த மாடல் எண்ணை வைத்து அதன் மேனுவலை எடுங்கள். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

சுவர் இரும்பா அலுமினியமா என்று எப்படித் தெரியும்?

சிலிண்டருக்குள் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு ஸ்லீவ், அல்லது முழு இரும்பு பிளாக். ஒட்டாவிட்டால் அலுமினியச் சுவர். முழு இரும்பு பிளாக் என்றால் மூன்று தடவைகூடப் போர் போடலாம். பாகம் கிடைக்கும் வரை அதற்குச் சாவில்லை. அலுமினியச் சுவரில் ஆழக் கோடு விழுந்திருந்தால், மலிவான எஞ்சின் என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

எப்போது எஞ்சினைக் கைவிட வேண்டும்?

பிளாக்கில் ராடு துளைத்து ஓட்டை விழுந்திருந்தால். கிராங்க் வளைந்திருந்தால், பிளேடு கல்லிலோ வேரிலோ மோதி நின்ற செங்குத்து ஷாஃப்ட் எஞ்சின்களில் இது சாதாரணம். கிராங்க்கை நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். நிமிர்த்திய கிராங்க் விரிசல் விட்டு ஓடும்போது உடையும். அலுமினிய பிளாக்கில் கிராங்க் ஓடும் துளையே பிய்ந்து, புஷ் போட வழியில்லை என்றால். பிஸ்டனோ ராடோ எங்குமே கிடைக்காது என்றால். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் கணக்குப் போட வேண்டியதில்லை.

செலவுக் கணக்கை எப்படிப் போடுவது?

பலர் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் மூன்றையும் கூட்டிவிட்டு ‘இவ்வளவுதானே’ என்று இறங்குவார்கள். முழுப் பட்டியல் இது: பிஸ்டன், ரிங் செட், பிஸ்டன் பின், ராடு, முழு கேஸ்கெட் செட், 2 ஆயில் சீல், வால்வு இரண்டு (அரைத்தே சரியாகலாம்), பிளக், ஃபிளைவீல் கீ, ஃபில்ட்டர்கள், ஆயில் இரண்டு தடவைக்கு, கார்புரேட்டர் கிட், அதோடு போரிங், கிராங்க் அரைத்தல், வால்வு சீட் வெட்டுதல் ஆகிய பட்டறைக் கூலி. பந்து பேரிங் உள்ள எஞ்சின் என்றால் அவையும்.

இந்தக் கூட்டுத்தொகை புது எஞ்சின் விலையில் பாதிக்குள் இருந்தால் வேலை பார்க்கலாம். முக்கால் பங்கைத் தொட்டால் புது எஞ்சினே மேல். நடுவில் இருந்தால் வண்டியைப் பாருங்கள்: இரும்பு பிளாக், கியர் டிரான்ஸ்மிஷன், கெட்டி ஃபிரேம் உள்ள பழைய தோட்ட டிராக்டருக்குச் செலவு செய்யலாம். தகட்டு ஃபிரேம், துருவேறிய டெக், முனகும் ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன் என்றால் எஞ்சினைச் சரி செய்தாலும் அடுத்த வருடம் வேறொன்று நிற்கும். எந்தக் கணக்கானாலும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் பிரித்து அளவெடு, பிறகு பாகம் கிடைக்குமா என்று உறுதி செய், அதன் பிறகே பட்டறைக்குக் கொடு. போர் போட்ட பிறகு அந்த அளவுக்குப் பிஸ்டன் இல்லை என்று தெரிந்தால் நல்ல பிளாக் வீண்.

போரிங் செய்பவரிடம் புதுப் பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் போட வேண்டும்.

வேறு எஞ்சின் வாங்கினால் பொருந்துமா?

குதிரைத்திறனைவிட ஷாஃப்ட் முக்கியம். படுக்கையா செங்குத்தா, விட்டம் 25.4 மி.மீ.யா 28.6 மி.மீ.யா, நீளம், கீ பள்ளத்தின் அகலம், அடிப் போல்ட்டுகளின் இடைவெளி, சைலன்சர் எந்தப் பக்கம் வருகிறது, கவர் பானட்டில் இடிக்குமா என்று வாங்கும் முன் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.

வயரிங்கில் ஒரு ஆபத்து. பழைய வண்டிகளில் பேட்டரியும் காயிலும் கொண்ட இக்னிஷன். சாவியைப் போட்டால் அந்த வயரில் 12 வோல்ட் வரும். புது எஞ்சின்களில் மேக்னெட்டோ, ஃபிளைவீல் காந்தத்தால் தானே தீப்பொறிக்கான மின்சாரம் உண்டாக்குவது. அதன் நிறுத்தும் வயர் பாடியில் படும்போது எஞ்சின் நிற்கும். பழைய வயரை அப்படியே புது எஞ்சினின் நிறுத்தும் முனையில் மாட்டினால் இக்னிஷன் மாட்யூல் அந்த நிமிடமே கருகிவிடும். சார்ஜிங்கும் பாருங்கள். 3 ஆம்பியர் மட்டும் தரும் ஸ்டேட்டரால் மின்காந்த கிளட்ச் உள்ள வண்டியைச் சமாளிக்க முடியாது.

கோலர் கே-வரிசையில் பேலன்ஸ் கியரை எடுத்துவிடச் சொல்கிறார்களே?

கே301 (12 குதிரைத்திறன், 85.7 மி.மீ. போர்), கே321 (14, 88.9), கே341 (16, 95.25) போன்றவற்றில் அதிர்வைக் குறைக்க இரண்டு கனமான பேலன்ஸ் கியர்கள் இருக்கும். அவை ஓடும் சிறு தண்டு தேய்ந்து கியர் உடைந்தால், துண்டு கிராங்க்கில் சிக்கி பிளாக்கையே உடைத்துவிடும். எஞ்சினை முழுதாகப் பிரித்திருக்கும்போது கியர்களை எடுத்துவிட்டு மூடுவது பரவலான வழக்கம். அதிர்வு கொஞ்சம் கூடும், எஞ்சின் தப்பிக்கும். பிடித்துப்போன கே-வரிசையில் ஒரே இடத்தில் டக்கென்று முட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இந்தக் கியர்தான்.

வேலை பார்த்த எஞ்சின் மறுபடி சீக்கிரமே போவது ஏன்?

முதல் காரணம், கழுவாதது. ஹோனிங் செய்த சுவரின் கோடுகளுக்குள் கல்தூள் புதைந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை வெளியே எடுக்காது. சூடான தண்ணீரும் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் வேண்டும். கழுவி, துடைத்து, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் தேயுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருகிறதா? மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை, மூன்று நான்கு தடவை ஆனாலும். பிறகு உடனே ஆயில் பூசுங்கள், இல்லாவிட்டால் அரை மணியில் துரு பூக்கும். ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்ட வேண்டும். அப்போதுதான் ஆயில் தங்கும்.

இரண்டாவது, ராடு மூடியைத் திருப்பிப் போடுவது, அல்லது டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது. ராடு போல்ட்டை இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். எங்கே கனக்கிறதோ அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். ரிங்குகளின் வாய்களை 120 டிகிரி இடைவெளியில் வையுங்கள். கேமிலும் கிராங்க் கியரிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வர வேண்டும். கவர் கேஸ்கெட்டின் தடிமன்தான் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை நிர்ணயிக்கிறது. பல எஞ்சின்களில் அது 0.05 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கேஸ்கெட் இல்லாமல் வெறும் பசை பூசி மூடினால் அந்த ஆட்டம் போய் எஞ்சின் மறுபடி இறுகும்.

மூன்றாவது, முதலில் சீஸ் ஆன காரணத்தை அப்படியே விட்டுவிடுவது. குளிர்ச்சி இதழ்களுக்கு நடுவே எலிக்கூடும் காய்ந்த புல்லும் அடைத்திருக்கும். மேல் கவரைக் கழற்றாமல் அது கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுத்தம் செய்யாமல் போட்ட புதுப் பிஸ்டனும் பழையதைப் போலவே சூட்டில் பிடிக்கும்.

முதல் ஓட்டம் எப்படி?

மினரல் எஸ்ஏஇ 30 ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல், பிளக் வயரைப் பாடியோடு சேர்த்துவிட்டு, ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நடுத்தர வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கசிவு பாருங்கள். ஆறிய பிறகு மிதமான வேலை கொடுங்கள். நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் ரிங் சுவரோடு பொருந்தாமல் வழுவழுப்பாகிவிடும், புகை நிற்காது. 5 மணி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள்.

இப்போது நேரமில்லை. சீஸ் ஆன எஞ்சினை எப்படி வைப்பது?

பிளக் துளையில் 50 மில்லி ஆயில் ஊற்றிப் பிளக்கைப் போட்டுவிடுங்கள். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் கட்டுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டு, கூரைக்கு அடியில் வையுங்கள். பிரித்துவிட்ட எஞ்சின் என்றால், பாகங்கள் எல்லாவற்றிலும் ஆயில் தடவி, ஹெட் போல்ட்டுகளை அட்டையில் துளையிட்டு அவை இருந்த வரிசைப்படியே செருகி வையுங்கள். ஒரே ஹெட்டில் இரண்டு நீளப் போல்ட்டுகள் வரும் எஞ்சின்கள் உண்டு. அளந்து எழுதிய அந்த 6 எண்களையும் அதே அட்டையில் குறித்துவிடுங்கள்.